கேட்ட கேள்வி அம்மாவுக்கு விளங்கியதா?

கேள்வி: அக்கா, நான் பேர்த்தில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்கிறேன். மாநிலத்தின் வடக்கே உள்ள கிம்பர்லிப் பக்கத்திலிருந்து வந்த பழங்குடி மூதாட்டி ஒருவர் எங்களிடம் இருக்கிறார். மறதி நோய். போன வருசம் வரை ஆங்கிலத்தில் பதில் சொன்னவர், இப்போது தன் மொழியில் மட்டும் கதைக்கிறார். எங்களில் ஒருவருக்கும் அது விளங்காது. குளிக்க வைக்கப் போனால் கையைத் தட்டிவிடுகிறார். பொழுதுபட்டால் கதவடியில் போய் இருந்துவிடுகிறார். சீருடை போட்ட வெள்ளைக்கார ஆண்கள் வந்தால் கட்டிலுக்குப் பின்னால் ஒளிகிறார். 'நடத்தைக் கோளாறு' என்று எழுதி, அடக்குவதற்கு மருந்து கொடுக்கலாமா என்று யோசிக்கிறார்கள்.

வீட்டில் என் அம்மா. 79 வயது. 2010இல் வன்னியிலிருந்து எங்களிடம் வந்தவர். ஹெலி பறந்தால் வீட்டு விளக்குகளை எல்லாம் அணைக்கிறார். தலையணை உறைக்குள் அரிசி கட்டி வைக்கிறார். வைத்தியர் ஒரு பரீட்சை வைத்தார், நான்தான் மொழிபெயர்த்தேன். புள்ளி குறைவு, டிமென்சியாவாக இருக்கலாம் என்றார். சொந்தக்காரர் 'அறளை பெயர்ந்திட்டுது' என்று சிரிக்கிறார்கள். அம்மாவுக்கு உண்மையில் அதுதானா? அந்த மூதாட்டிக்கு நான் என்ன செய்யலாம்? அம்மாவை ஓர் இல்லத்தில் விட நினைப்பது பாவமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மேற்கு அவுஸ்திரேலியா

பதில்: தங்கச்சி, அம்மாவின் பரீட்சையிலிருந்து தொடங்குகிறேன். அந்தப் புள்ளியை வைத்து இப்போதைக்கு ஒரு முடிவுக்கும் வர வேண்டாம்.

பல இடங்களில் இன்னும் பாவனையில் உள்ள முப்பது புள்ளிப் பரீட்சை 1975இல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஆங்கிலச் சொல் ஒன்றைக் கடைசி எழுத்திலிருந்து திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள். இப்போது என்ன பருவகாலம் என்றும் கேட்பார்கள். மாரியும் கோடையுமாக வாழ்ந்த அம்மா, இலையுதிர்காலம் என்று எப்படிச் சொல்வார்? நம்முடைய பழைய இலக்கணம் வருடத்தைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறாக வகுத்தது. நீங்கள் இப்போது வாழும் பேர்த் மண்ணுக்குச் சொந்தக்காரரான நூங்கா மக்களும் ஆறு பருவங்கள்தான் எண்ணுகிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும். இந்த இரண்டு பேருடைய பாட்டிமாருக்கும் நான்கு பருவக் கணக்கில் புள்ளி வெட்டுகிறோமே.

அடுத்தது, நீங்களே மொழிபெயர்த்தது. குறை சொல்லவில்லை, நானும் அதைச் செய்திருக்கிறேன். என் அம்மாவிடம் கிழமை கேட்டபோது, 'இண்டைக்குச் செவ்வாய்தானே அம்மா' என்று கேள்விக்குள்ளேயே விடையை வைத்துக் கொடுத்தவள் நான். பெற்ற தாய் தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எந்தப் பிள்ளையாலும் முடியாது. மறுபக்கம், மகளுக்கு முன்னால் பிழை விடுகிறோமே என்ற வெட்கத்தில் அம்மா வாயே திறக்காமல் இருந்திருக்கவும் கூடும். கூட்டியோ குறைத்தோ, அந்தப் புள்ளி அம்மாவின் சொந்தப் புள்ளி இல்லை.

ஆகவே திரும்ப நேரம் எடுங்கள். பதிவு செய்யும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். அரசின் மொழிபெயர்ப்புச் சேவை 131 450 என்ற இலக்கத்தில் இருக்கிறது. வைத்தியர் தொலைபேசியிலேயே கூப்பிடலாம், உங்களுக்குச் செலவு இல்லை. 'ரூடாஸ்' என்ற பரீட்சையை வைக்க முடியுமா என்று கேளுங்கள். சிட்னியில் பல மொழி பேசும் முதியவர்களை மனதில் வைத்து உருவாக்கி 2004இல் வெளியிட்டார்கள். மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு நடத்துவதற்கென்றே செய்தது. ஆறு பகுதிகள், 30 புள்ளிகள். தேயிலை, சமையல் எண்ணெய், முட்டை, சவர்க்காரம் என்று கடையில் வாங்க வேண்டிய நான்கு சாமான்களை நினைவில் வைக்க வேண்டும். கடவையும் சமிக்ஞை விளக்கும் இல்லாத தெருவை எப்படிக் கவனமாகக் கடப்பீர்கள் என்று கேட்பார்கள். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவரும் இதற்குப் பதில் சொல்லலாம். 22 அல்லது அதற்குக் கீழே வந்தால் மேலும் சோதிக்க வேண்டும் என்பதுதான் பொருள். அதுவும் தீர்ப்பு இல்லை. தைரொயிட், பி12 குறைவு, மனச்சோர்வு, காது கேளாமை எல்லாமே மறதியைப் போலத் தோற்றம் காட்டும். இரத்தப் பரிசோதனையும் காதுப் பரிசோதனையும் முடியாமல் யாரும் முத்திரை குத்தக் கூடாது.

கடைசியில் அது டிமென்சியாதான் என்று தெரிந்தால், அதை நோய் என்றே சொந்தக்காரருக்குச் சொல்லுங்கள். நியூசிலாந்தின் மாவோரி மக்கள் இதை 'மாத்தே வரேவரே' என்கிறார்கள். மறதி நோய் என்றுதான் அதற்கும் அர்த்தம். கனடாவின் அனிஷினாபே மக்களில் சிலர் இதை மனிதர் திரும்பக் குழந்தைப் பருவத்துக்குப் போவதாகப் பார்க்கிறார்கள், வாழ்க்கை ஒரு வட்டம் சுற்றி வந்துவிட்டது என்று. 'அறளை பெயர்ந்திட்டுது' என்று சிரிப்பவர்களோடு சண்டை வேண்டாம். ஆனால் அம்மாவுக்குக் கேட்கும் தூரத்தில் அந்தச் சொல் வரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். ஞாபகம் போனாலும் அவமானம் விளங்கும்.

இனி அந்த மூதாட்டி.

கிம்பர்லியில் 45 வயதுக்கு மேற்பட்ட பழங்குடி மக்களிடையே செய்த ஆய்வு ஒன்று 2008இல் வெளிவந்தது. 12.4 விழுக்காட்டினருக்கு டிமென்சியா இருந்தது. அதே வயதில் அவுஸ்திரேலியாவின் பொது அளவு 2.4 விழுக்காடு. தலைக்காயம், பக்கவாதம், வலிப்பு, புகைத்தல், பள்ளிப் படிப்புக் கிடைக்காமை எல்லாம் அதோடு சேர்ந்து காணப்பட்டன. முதியோர் பராமரிப்புச் சேவைகளை மற்றவர்கள் 65 வயதிலிருந்து கேட்கலாம் என்றால், பழங்குடியினர் 50இலிருந்தே கேட்கலாம் என்று வைத்திருப்பதும் இப்படியான நிலைமையால்தான்.

அந்த ஆய்வைச் செய்வதற்கு முன்னால் அவர்களுக்கென்றே ஒரு பரீட்சையை அந்த ஊர்ச் சமூகங்களோடு சேர்ந்து உருவாக்கினார்கள். 'கிக்கா' என்பார்கள். இது பென்ஷன் வாரமா என்று அதில் ஒரு கேள்வி. சீப்பு, தகரக் கோப்பை, தீப்பெட்டி மூன்றையும் ஒளித்துவைத்து, எங்கே வைத்தோம் என்று பிறகு கேட்பார்கள். ஈமுவும் முதலையும் படங்களில் வரும். குடும்பத்தாரிடம் கேட்பதற்குத் தனிப் பகுதி உண்டு. இதே பரீட்சையைக் கனடாவில் மனிற்றூலின் தீவின் அனிஷினாபே மக்கள் தங்கள் வாழ்க்கைக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள். உங்கள் மூதாட்டியின் கோப்பில் எந்தப் பரீட்சை இருக்கிறது என்று தாதியிடம் கேட்டுப் பாருங்கள்.

அவர் ஆங்கிலத்தை விட்டது பிடிவாதத்தால் இல்லை. பிந்திப் படித்த மொழி முந்திப் போய், தாய் மடியில் கேட்ட மொழி கடைசி வரை நிற்பதை இந்த நோயில் அடிக்கடி பார்க்கலாம். கிம்பர்லியில் பல மொழிகள் உண்டு: வல்மஜாரி, பார்டி, குனியண்டி, கிரியோல், இன்னும் பல. அவருடையது எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். மேற்கு அவுஸ்திரேலியாவில் பழங்குடி மொழிகளுக்கென்றே மொழிபெயர்ப்புச் சேவை இருக்கிறது. உங்கள் மேலாளர் அதை ஏற்பாடு செய்யலாம். வலி, தண்ணீர், குளிர், மலசலகூடம், பயம் இந்த ஐந்துக்கும் அவருடைய மொழியில் சொல் வாங்கி, கட்டில் பக்கத்தில் தமிழ் எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். உங்கள் வாய்க்குச் சரியாக வரும்.

ஒளிவதைப் பற்றி. இந்த மாநிலத்தில் 1905ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. பழங்குடிப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் சட்டப்படியான காவலர் பெற்ற தாயில்லை, அரசின் தலைமைப் பாதுகாவலர் என்ற அதிகாரி என்றது அது. பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். பொலிசும் அதிகாரிகளும் வரும்போது தாய்மார் பிள்ளைகளை ஒளித்துவைத்தார்கள். 2008 பெப்ரவரி 13ஆம் திகதி பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது இதற்குத்தான். உங்கள் மூதாட்டி அப்படிப் பிடிபட்டவரா, தப்பியவரா, எனக்குத் தெரியாது. நீங்களும் அவரிடம் கேட்டுக் கிளற வேண்டாம். ஆனால் அப்படி ஒளிந்து பழகிய தலைமுறைக்காரர் அவர். சீருடையோடு நீளமான தாழ்வாரமும் வரிசையாகக் கட்டிலும் மணி அடித்தால் சாப்பாடும் இருக்கும் ஓர் இடம் அவருக்கு எதை ஞாபகப்படுத்தும் என்று நினைத்துப் பாருங்கள்.

குளிப்பாட்டுவதைப் பெண்கள் மட்டும் செய்யட்டும். இது அவர்கள் வழக்கத்தில் பெரிய விடயம், நம் வழக்கத்திலும் அப்படித்தானே. சீருடைக்கு மேல் பூப்போட்ட மேலாடை ஒன்றைப் போட அனுமதி கேளுங்கள். நேரே கண்ணுக்குள் பார்த்துக் கேள்வி மேல் கேள்வி கேட்காமல் பக்கத்தில் இருங்கள். அந்த மௌனத்தை அவர் மரியாதைக் குறைவாக எடுக்க மாட்டார். பொழுதுபடுவதற்கு முன்னாலேயே வெளியே மண்ணும் மரமும் தெரியும் இடத்தில் கொண்டுபோய் இருத்துங்கள். கிம்பர்லி அங்கிருந்து இரண்டாயிரம் கிலோமீற்றருக்கு மேல். அவர்கள் 'கன்ட்ரி' என்று சொல்லும் அந்த மண்ணுக்குத்தான் அவர் கதவடியில் காத்திருக்கிறார் என்றே நான் நினைக்கிறேன். குடும்பத்தாரோடு காணொளியில் கதைக்க வையுங்கள். பழைய படமோ பாட்டோ காட்டுவதற்கு முன் மட்டும் குடும்பத்திடம் கேளுங்கள். இறந்துபோனவரின் முகத்தையும் குரலையும் பெயரையும் தவிர்க்கும் வழக்கம் அங்கே பலரிடம் உண்டு. பேர்த்தில் டெர்பார்ல் யெரிகன் என்ற பழங்குடி மக்களின் சொந்த மருத்துவச் சேவை இருக்கிறது. அவர்களிடம் வழி கேட்க உங்கள் இல்லத்துக்குச் சொல்லுங்கள்.

மருந்து விடயத்தில் நீங்கள் பயப்படாமல் வாய் திறக்க வேண்டும். நடத்தையை அடக்குவதற்காக மட்டும் கொடுக்கும் மருந்து சட்டப்படி ஒரு கட்டுப்பாட்டு முறை. மற்ற வழிகளை முதலில் பார்த்திருக்க வேண்டும், அவர் சார்பில் முடிவெடுக்கும் உரிமையுள்ளவரின் சம்மதமும் வேண்டும். திடீரென்று மோசமாகியிருந்தால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், பல்வலி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். குறிப்பேட்டில் 'நடத்தைக் கோளாறு' என்று எழுதாதீர்கள். 'மாலை 5.40, சீருடையோடு ஆண் ஒருவர் உள்ளே வந்தார், மூதாட்டி கட்டிலுக்குப் பின்னால் போனார், பத்து நிமிடத்தில் அமைதியானார்' என்று கண்டதை எழுதுங்கள். ஒரு வாரம் இப்படி எழுதினால் வைத்தியரே வேறு விதமாக யோசிப்பார். 1800 699 799 என்ற இலக்கத்தில் டிமென்சியா சப்போர்ட் அவுஸ்திரேலியா இரவு பகலாக ஆலோசனை சொல்கிறது. இல்லத்து ஊழியரும் கூப்பிடலாம்.

இவ்வளவையும் எழுதும்போது உங்கள் அம்மாதான் என் கண்ணுக்குள் நின்றார். ஹெலிச் சத்தம் கேட்டு விளக்கை அணைப்பது வன்னியில் அவர் உயிரைக் காப்பாற்றிய பழக்கம். 'சண்டை முடிஞ்சு எவ்வளவு காலம், இது பேர்த் அம்மா' என்று திருத்தப் போக வேண்டாம். நீங்களும் சேர்ந்து விளக்கை அணைத்துவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, 'நான் பக்கத்தில இருக்கிறன், பிள்ளையள் எல்லாரும் உள்ளுக்க' என்று சொல்லுங்கள். சத்தம் போன பிறகு மெல்லப் போட்டுக்கொள்ளலாம். அரிசியைப் பறிக்காதீர்கள். மூடியுள்ள தகரம் ஒன்றைக் கட்டிலுக்கு அருகே வைத்து அது அவருடையது என்று கொடுத்துவிடுங்கள். போரின் காயம் இப்படி மேலே வருவதற்குத் தனியாக உதவி உண்டு. பேர்த்தில் 'அசெற்ஸ்' என்ற அமைப்பு சித்திரவதையிலிருந்தும் போரிலிருந்தும் தப்பி வந்தவர்களோடு வேலை செய்கிறது.

அம்மாவை இல்லத்தில் விட நினைப்பது பாவம் இல்லை. பகலில் பிறர் தாயைத் தூக்கி, இரவில் தன் தாய்க்குக் காவல் இருந்து உடைந்துபோன பெண்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அதே நேரம், இன்னும் அந்தக் கட்டம் வரவில்லை என்பது என் எண்ணம். முதலில் 1800 200 422இல் அரசின் முதியோர் பராமரிப்புச் சேவையான மை ஏஜ்ட் கெயாரைக் கூப்பிட்டு மதிப்பீட்டுக்குப் பதிவு செய்து, வீட்டுக்கு ஆள் வரும் உதவியையும் உங்களுக்கு ஓய்வு தரும் தற்காலிகப் பராமரிப்பையும் கேளுங்கள். தமிழ் பேசும் உதவியாளர் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். 2025 நவம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய முதியோர் பராமரிப்புச் சட்டத்தில், விரும்பிய மொழியில் தொடர்பாடுவதும் முதியவரின் உரிமையாக எழுதப்பட்டிருக்கிறது.

அதற்கிடையில், அம்மாவுக்கு ஞாபகம் தெளிவாக உள்ள ஒரு காலை நேரம் பார்த்து அவரோடு இருந்து ஒரு பக்கம் எழுதுங்கள். எந்த ஊர், எந்தக் கோயில், யார் யாரைப் பிடிக்கும், எந்தச் சத்தத்துக்குப் பயம், என்ன பாட்டுக்கு அழுவார், பால் கலந்த தேத்தண்ணியா வெறுந்தேத்தண்ணியா. தமிழிலும் ஆங்கிலத்திலும் இரண்டு பிரதி. ஒன்றை வைத்தியரிடம் கொடுங்கள், மற்றதைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள். அந்த மூதாட்டியின் குடும்பத்தாரைத் தொலைபேசியில் பிடிக்கும் அன்று, இதே கேள்விகளை அவர்களிடமும் கேட்டு எழுதிவிடுங்கள்.