பத்தடி அறை – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கும்பகோணத்தில் என் வீட்டு அறையிலேயே பாடல் பதிவுகளுக்கு மிக்ஸிங்கும் (தனித்தனி ஒலிகளைக் கலந்து சமன்செய்வது) மாஸ்டரிங்கும் (வெளியீட்டுக்கு இறுதி மெருகேற்றுவது) செய்துவருகிறேன். கடன் வாங்கிப் பிளகின்கள் (ஒலியைச் செதுக்கும் மென்பொருள்கள்) வாங்கியிருக்கிறேன், சுவரெங்கும் முட்டை அட்டை ஒட்டியிருக்கிறேன். இதுவரை நண்பர்களுக்கு இலவசமாகவே செய்துகொடுத்தேன். காரில் போட்டால் அடியொலி (பேஸ்) மட்டும் முழங்குகிறது என்று சிலர் சொல்கிறார்கள். பணம் கொடுக்கும் வாடிக்கையாளர்களைப் பிடிப்பது எப்படி? விளம்பரம் செய்யலாமா, வேறு பிளகின் வாங்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

விளம்பரம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிளகின் இனி ஒன்றுகூட வேண்டாம், முதலில் கடனை அடையுங்கள். காரைப் பற்றி நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் வரிக்காகத்தான் இந்தப் பதில். சில நாட்களாக என் மனத்தில் ஓடிக்கொண்டிருப்பதும் அதுவே.

நம் வீடுகளில் பல அறைகள் பத்தடிக்குப் பத்தடி, கூரையும் ஏறக்குறைய அதே உயரம். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்வதால், பத்தடி இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் சுவர்களுக்கிடையே 56 ஹெர்ட்ஸை (நொடிக்கு 56 அதிர்வுகள்) ஒட்டிய அடியொலி, மாறிமாறி எதிரொலித்து, நிலையலையாக, அதாவது சில இடங்களில் கூடியும் சில இடங்களில் குறைந்தும், நின்றுவிடுகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றும் சமமாக இருந்தால் மூன்று திசைகளிலும் அதே ஒலிதான். சுவரோரம் அது முழங்கும், நட்டநடுவில் ஏறக்குறைய காணாமற்போகும். நீங்கள் நடுவில் நாற்காலியைப் போட்டு, அடியொலி போதவில்லை என்று ஏற்றிக்கொண்டே போயிருப்பீர்கள். காரில் முழங்காமல் என்ன செய்யும்?

இதை எனக்கு உணர்த்தியவர் ஒரு மிருதங்க வித்வான். ஒரு சிறிய ஸ்டூடியோவில் தன் பதிவைக் கேட்டவர், "தொப்பி எங்கே? கும்கியே இல்லையே?" என்று எழுந்து, அறைக்குள் மெல்ல நடந்தார். தொப்பி என்பது மிருதங்கத்தின் அடியொலிப் பக்கம், கும்கி அதில் எழும் குழைவான நாதம். பின்சுவரை ஒட்டி நின்றதும் முகம் மலர்ந்து, "இங்கே ஒளிந்துகொண்டிருக்கிறது" என்றார். ஹெர்ட்ஸ் கணக்கு எதுவும் அவருக்குத் தெரியாது. தன் வாத்தியத்தின் நாதம் தெரியும். அந்தக் காது உங்களுக்கு வேண்டும், எஸ்.

முட்டை அட்டைகளைப் பிய்த்தெறியுங்கள். அவை மேலொலியை மட்டும் சற்று மழுங்கடிக்கும். இருபதடி நீளமுள்ள அலையை அந்த மெல்லிய அட்டை தொடக்கூட முடியாது. மூலைகளில் தரையிலிருந்து கூரைவரை அரையடித் தடிமனில் ராக்வுல் (பாறையிழைப் பஞ்சு) அடுக்கித் துணியால் மூடுங்கள். முன்சுவரிலிருந்து ஏறக்குறைய மூன்றே முக்கால் அடியில் காது இருக்கும்படி உட்கார்ந்து, அங்கிருந்து சிறிது முன்னும் பின்னும் நகர்ந்து கேட்டுப் பாருங்கள். வீட்டில் வேலை செய்வது குறையல்ல, ஏ.ஆர். ரஹ்மானின் பஞ்சதன் ஸ்டூடியோ வீட்டுக் கொல்லைப்புறத்தில் எழுந்ததுதான், ஆனால் ஒலிக்காகவே கட்டப்பட்டது.

வாடிக்கையாளர்கள் உங்களைச் சுற்றியே இருக்கிறார்கள்: நாகஸ்வர, தவில் கலைஞர்கள், பக்திப்பாடல் வெளியிடுகிறவர்கள், தேவாலயப் பாடற்குழுக்கள், பாட்டு ஆசிரியர்கள். அவர்களுடைய பதிவிலேயே ஒரு நிமிடத்தை மட்டும் மிக்ஸ் செய்து, அவர்களுடைய காரிலேயே போட்டுக் காட்டுங்கள். அந்த ஒரு நிமிடத்துக்கு மேல் யாருக்கும், நண்பர்களுக்கும், இலவசமாகச் செய்யாதீர்கள். உங்கள் உழைப்புக்கு நீங்களே விலை வைக்காதபோது மற்றவர் ஏன் வைக்க வேண்டும்? எத்தனை முறை திருத்திக் கொடுப்பீர்கள் என்பதை முதலிலேயே எழுதிக் கொடுத்து, பாதிப் பணத்தை முன்னதாகவும் மீதியை இறுதிக் கோப்பை அனுப்பும் முன்பும் வாங்கிக்கொள்ளுங்கள்.