முதல் கர்ப்பத்தில் பிரீஎக்ளாம்ப்சியா: அடுத்த கர்ப்பத்துக்கு முன் மரபணுப் பரிசோதனை வேண்டுமா?

கேள்வி: முதல் கர்ப்பத்தில் 33ஆவது வாரத்தில் ரத்த அழுத்தம் கூடி, சிறுநீரில் புரதம் வெளியேறும் பிரீஎக்ளாம்ப்சியா ஏற்பட்டதால், குறைமாதத்திலேயே குழந்தையை எடுக்க நேர்ந்தது. நோயெதிர்ப்பு மரபணுக்கள்தாம் காரணம் என்று படித்தேன். நானும் கணவரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. நீங்கள் படித்ததற்கு ஆதாரம் உண்டு. ஆனால் அதை வைத்து இன்று எந்தச் சிகிச்சை முடிவையும் எடுக்க முடியாது.

நஞ்சுக்கொடி உருவாகும்போது, கருவிலிருந்து வரும் ட்ரோஃபோபிளாஸ்ட் செல்கள் கருப்பைச் சுவருக்குள் ஊடுருவி, நஞ்சுக்கொடிக்கு ரத்தம் கொண்டுசெல்லும் அங்குள்ள சுருள் தமனிகளை அகலப்படுத்துகின்றன. இந்த ஊடுருவலை நெறிப்படுத்துவதில் கருப்பையிலுள்ள என்.கே. செல்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்களுக்குப் பங்கு உண்டு. அவற்றின் மேலுள்ள கே.ஐ.ஆர். ஏற்பிகள், கருவின் செல்களிலுள்ள எச்.எல்.ஏ-சி மூலக்கூற்றை அடையாளம் காண்கின்றன. தாயிடம் ‘ஏஏ’ வகை கே.ஐ.ஆர். மரபணுக்களும் கருவிடம் ‘சி2’ வகை எச்.எல்.ஏ-சியும் சேரும்போது பிரீஎக்ளாம்ப்சியாவின் அபாயம் கூடுவதை 2004இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இந்தச் சேர்க்கையில் என்.கே. செல்கள் அளவுக்கு மீறி அடக்கப்படுவதால், தமனிகள் போதிய அளவு விரிவடைவதில்லை என்று கருதப்படுகிறது. தாயின் உடல் கருவைத் தாக்குகிறது என்ற பரவலான எண்ணத்துக்கு இது நேர்மாறானது. ஆகவே, நோயெதிர்ப்பை அடக்கும் ஊசியோ மாத்திரையோ இதற்குத் தீர்வு என்று யாரேனும் சொன்னால் தயவுசெய்து ஏற்காதீர்கள்.

சி2 மரபணு கருவுக்குத் தந்தையிடமிருந்தும் வரலாம். அவரிடம் அது ஒரு பிரதி மட்டுமே இருந்தால், ஒவ்வொரு கருவுக்கும் அது சென்று சேரும் வாய்ப்பு பாதிதான். மேலும், இந்தச் சேர்க்கை அமைந்த கர்ப்பங்களில் பெரும்பாலானவை சிக்கலின்றியே நிறைவடைகின்றன. இதில் உங்கள் தவறு என்று எதுவும் இல்லை என்பதையும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

உங்களுக்கு உண்மையில் வழிகாட்டக்கூடியது முந்தைய கர்ப்பத்தின் வரலாறே. கருத்தரிக்கும் முன்பே மகப்பேறு மருத்துவரைச் சந்தித்து, ரத்த அழுத்தம், சிறுநீரகம், சர்க்கரை ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கர்ப்பம் உறுதியானதும், குறைந்த அளவு ஆஸ்பிரின் உங்களுக்கு ஏற்றதா என்று கேளுங்கள். அதை 16 வாரங்களுக்குள் தொடங்குவது நல்லது. அபாயம் மிகுந்த பெண்களிடம் 150 மில்லிகிராம் ஆஸ்பிரினைச் சோதித்து 2017இல் வெளியான ஆய்வில், 37 வாரங்களுக்கு முன்பே பிரசவம் செய்ய நேரும் பிரீஎக்ளாம்ப்சியா ஏறத்தாழ 60 சதவீதம் குறைந்தது. மருத்துவர் சொல்லாமல் நீங்களாக அதைத் தொடங்க வேண்டாம். உணவில் கால்சியம் குறைவாக இருந்தால் அதற்கான மாத்திரையும் உதவும்.

20 வாரங்களுக்குப் பின் ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, விடாத தலைவலி, பார்வை மங்கல், வலது மேல்வயிற்று வலி, முகத்தில் திடீர் வீக்கம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலோ, அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரங்களுக்கும் இதே கவனம் வேண்டும்.