பெரிய டயர் போட்ட வண்டிக்குக் காப்பீடு மறுப்பு: சட்டத்தில் வழி இருக்கிறதா?

கேள்வி: வணக்கம் சார். ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்று வைத்திருக்கிறேன். தினமும் வேலைக்குப் போய்வருவது அதில்தான், விடுமுறை நாட்களில் மலைப்பாதைகளுக்குப் போவதும் அதில்தான். கம்பெனி போட்டுத் தந்த 245/75 ஆர்16 டயர்களைக் கழற்றிவிட்டு 285/70 ஆர்17 போட்டேன். அது மட்கார்டில் உரசியதால் வண்டியின் உடல்பகுதியை உயர்த்தும் 2 அங்குல லிஃப்ட் கிட், அப்புறம் முன்பக்கம் இரும்பு பம்பர், கூரைமேல் எல்.இ.டி. லைட் பார் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துவிட்டது. "எல்லாமே ஆர்.டி.ஓ. அப்ரூவ்டு" என்று ஒர்க்‌ஷாப்காரர் வாட்ஸ்அப்பிலேயே எழுதியிருக்கிறார். போன மாதம் வாகனச் சோதனையில் நான்கு மாற்றங்கள் என்று கணக்கிட்டு 20,000 ரூபாய்க்கு சலான் போட்டார்கள். ஆர்.சி.யை ஏன் இடைநிறுத்தக் கூடாது என்று கேட்டு நோட்டீஸும் வந்திருக்கிறது. அதற்கு முந்தைய வாரம்தான், சிக்னலில் நின்றிருந்தபோது பின்னால் வந்த வேன் மோதி, பின்கதவும் சேஸியின் பின்பகுதியும் சேதமாயின. "அனுமதியற்ற மாற்றங்கள்" என்ற ஒரே காரணத்தைச் சொல்லி என் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்துவிட்டது. அபராதத்தைக் கட்டிவிட்டால் பிரச்சினை முடிந்துவிடுமா? காப்பீட்டுப் பணம் போனது போனதுதானா? மலைக்குப் போகும்போது மட்டும் பெரிய டயரை மாட்டிக்கொள்ளலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் மூன்று தனித்தனி வழக்குகள் இருக்கின்றன. போக்குவரத்து அலுவலகத்துடனான விவகாரத்தில் சட்டம் பெரும்பாலும் உங்களுக்கு எதிராக நிற்கிறது. காப்பீட்டு விவகாரத்தில் உங்கள் பக்கம் நல்ல வலு இருக்கிறது. ஒர்க்‌ஷாப் மீது நீங்களே வழக்குப் போடலாம் என்பது மூன்றாவது. முதலாவதில் தப்பு நம் பக்கம் என்பதற்காக மற்ற இரண்டையும் விட்டுக்கொடுத்துவிடாதீர்கள். இதுபோல மாட்டிக்கொள்ளும் பலரும் அப்படித்தான் விட்டுவிடுகிறார்கள்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவுதான் அடிப்படை. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கும் பதிவுச் சான்றிதழுக்கும் முரண்பாடு வரும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. கேரளத்திலிருந்து மேல்முறையீட்டுக்கு வந்த கே. ஜெயச்சந்திரா வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை மிகக் கண்டிப்பாக வாசித்தது. தயாரிப்பாளரின் மூல வடிவமைப்பிலிருந்து விலகும் மாற்றத்தை, மாநில விதிகளைக் காட்டிக்கூட நியாயப்படுத்த முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம் 182ஏ பிரிவைச் சேர்த்தது. அதன் 4ஆம் உட்பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உங்களுக்கு 20,000 வந்த கணக்கு இதுதான்.

இந்த நான்கில் எதையாவது எதிர்த்து வாதாட முடியுமா? பம்பருக்கு முடியாது. முன்பக்கம் இரும்புக் காப்பு பொருத்துவது 52ஆம் பிரிவுக்கு எதிரானது, நடவடிக்கை எடுங்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. லைட் பாருக்கும் முடியாது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 111ஆம் விதி, முன்பக்கம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் வைப்பதையே தடுக்கிறது. லிஃப்ட் கிட் சஸ்பென்ஷனை மாற்றுகிறது. வண்டியின் அடிப்படைத் தன்மையை மாற்றும் கட்டமைப்பு மாற்றம்தான் 'மாற்றம்' என்று 52ஆம் பிரிவின் விளக்கம் சொல்கிறது. அந்த வரையறைக்குள் லிஃப்ட் கிட் நேராக வந்து விழுகிறது.

டயர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் இடம் இருக்கிறது. தனியார் வண்டியின் ஆர்.சி.யில் டயர் அளவு இடம்பெறுவதில்லை. பதிவுப் படிவத்தில் அந்த விவரத்தைக் கேட்பது போக்குவரத்து வாகனங்களுக்குத்தான். ஆர்.சி.யில் இல்லாத ஒன்று ஆர்.சி.யோடு எப்படி முரண்படும் என்று கேட்கலாம். டயர் மாற்றுவது கட்டமைப்பு மாற்றமா என்றும் கேட்கலாம். அதே மாடலின் உயர்ரக வேரியன்ட்டுக்குத் தயாரிப்பாளரே தரும் அளவை ஒருவர் போட்டிருந்தால், நான் தயங்காமல் அந்த வழக்கை எடுத்து நடத்துவேன்.

உங்கள் டயருக்கு அந்த வாதம் நிற்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 245/75 ஆர்16 டயரின் விட்டம் சுமார் 774 மி.மீ. நீங்கள் போட்டிருப்பது சுமார் 831 மி.மீ. வித்தியாசம் 7 சதவீதத்துக்கு மேல். ஸ்பீடோமீட்டரைத் திருத்தி அமைக்கவில்லை என்றால், முள் 80 காட்டும்போது வண்டி கிட்டத்தட்ட 86இல் ஓடும். ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் கூடுதலாகக் காட்டலாம், குறைத்துக் காட்டக் கூடாது என்பதுதான் தர விதியின் அடிப்படை. அது இங்கே தலைகீழாகிவிட்டது. 80 கி.மீ. வரம்புள்ள சாலையில் முள்ளைப் பார்த்துச் சரியாக ஓட்டினாலும் 183ஆம் பிரிவின்படி வேக அபராதம் வரும். முள் சொன்னதைத்தான் நம்பினேன் என்ற பதிலை யாரும் ஏற்க மாட்டார்கள். உயரத்தையும் பாருங்கள். டயரால் 28 மி.மீ., லிஃப்டால் 50 மி.மீ., ஆக உடல்பகுதி ஏறக்குறைய 8 செ.மீ. மேலே போயிருக்கிறது. ஈர்ப்பு மையம் உயர்ந்த, சக்கரம் கனத்த வண்டியில் பிரேக் பிடிக்கும் தூரமும் வளைவில் சாயும் விதமும் மாறிவிடும். தினமும் நெரிசலில் ஓட்டுகிற வண்டி இது. குறுக்கே ஒரு குழந்தை ஓடிவந்தால் நிறுத்த வேண்டியவர் நீங்கள். சட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டு யோசித்தாலும் இதை அப்படியே ஓட்டுங்கள் என்று என்னால் சொல்ல முடியாது.

ஆகவே சலானை எதிர்த்துப் போராட வேண்டாம். இந்தக் குற்றத்தை 200ஆம் பிரிவின்கீழ் சமரசக் கட்டணம் செலுத்தி முடிக்கலாம். செலுத்தினால் அந்தச் சலானோடு வழக்கு முடியும், நீதிமன்றத் தண்டனை என்று பதிவாகாது. ஆனால் அடுத்த முறை பிடிபட்டால் இது முந்தைய குற்றமாகக் கணக்கில் வரும். அபராதம் கட்டியதால் மாற்றங்கள் அனுமதி பெற்றவை ஆகிவிடுவதும் இல்லை. மறுநாளே இன்னொரு சலான் வரலாம்.

நோட்டீஸ்தான் உண்மையில் அவசரம். 53ஆம் பிரிவின்கீழ் பதிவை இடைநிறுத்துமுன் உங்கள் விளக்கத்தைக் கேட்டாக வேண்டும். அதற்கான நோட்டீஸ் இது. பதில் போடாமல் இருந்தால் சொல்ல எதுவுமில்லை என்று வைத்துக்கொள்வார்கள். மாற்றங்களை அகற்றும் முன், வண்டி இப்போது இருக்கும் நிலையில் எல்லாப் பக்கமும் புகைப்படம் எடுத்து வையுங்கள். டயர் பக்கவாட்டில் இருக்கும் அளவு எழுத்துகளும் பின்பக்கச் சேதமும் தெளிவாகத் தெரிய வேண்டும். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் ஆய்வை முடித்துவிட்டார் என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் மின்னஞ்சலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். சாட்சியத்தை அழித்துவிட்டார் என்ற பேச்சுக்கு இடம் தரக் கூடாது. அதன்பிறகு பழைய டயர், வீல், சஸ்பென்ஷன், பம்பர் எல்லாவற்றையும் திரும்பப் பொருத்தி, பில் வாங்கி, அதை இணைத்து, "மூலநிலைக்குக் கொண்டுவந்துவிட்டேன், ஆய்வு செய்துகொள்ளலாம்" என்று நோட்டீஸில் கொடுத்த கெடுவுக்குள் பதில் கொடுங்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) முன் வண்டியைக் காட்டி, ஆய்வு அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்குங்கள். இவ்வளவும் செய்த பிறகும் இடைநிறுத்தி உத்தரவு போட்டால், அது கைக்கு வந்த 30 நாட்களுக்குள் 57ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம்.

இனி காப்பீடு. மாற்றத்தைத் தெரிவிக்காதது பாலிசி நிபந்தனை மீறல் என்று நிறுவனம் சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் மீறல் இருந்தாலே முழுப் பணத்தையும் மறுக்கலாம் என்பது சட்டம் இல்லை. பி.வி. நாகராஜு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் கேட்ட கேள்வி, அந்த மீறல் விபத்துக்குக் காரணமாக இருந்ததா என்பதுதான். சரக்கு வண்டியில் விதியை மீறி ஆட்களை ஏற்றிச் சென்ற வழக்கு அது. விபத்துக்கும் அந்த மீறலுக்கும் தொடர்பில்லாததால் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பிலிருந்து தப்ப முடியவில்லை. 2016இல் லக்மி சந்த் வழக்கிலும் இதே நிலைப்பாடுதான். 2010இன் அமலேந்து சாகு வழக்கில், நிபந்தனை மீறல் இருக்கும் இடங்களில்கூட 'நான்-ஸ்டாண்டர்டு', அதாவது முழுத் தொகையைக் குறைத்துத் தரும் அடிப்படையில் 75 சதவீதம் வரை தரலாம் என்ற நடைமுறையை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

உங்கள் வண்டி சிக்னலில் நின்றுகொண்டிருந்தது. பின்னாலிருந்து வேன் வந்து மோதியது. முன் பம்பரும் கூரை விளக்கும் இதில் என்ன செய்தன? நின்ற வண்டியின் டயர் அளவு வேன்காரரின் பிரேக்கை எப்படிப் பாதித்தது? மறுப்புக் கடிதத்தில் இதற்கு ஒரு வரிகூடப் பதில் இல்லை என்பதுதான் உங்கள் பலம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: பின் பம்பர் கம்பெனியுடையதுதானா, லிஃப்ட் செய்ததால் வேனின் முகப்பு உங்கள் பின் பம்பருக்குக் கீழே நுழைந்துவிட்டது என்று சர்வேயர் எழுதியிருக்கிறாரா? அப்படி எழுதியிருந்தால் சேதத்தின் அளவு கூடியதற்கு நீங்களும் காரணம் என்பார்கள். அப்போதும் தொகை குறையலாமே தவிர, முழுதும் மறுக்க அது போதாது. சர்வே அறிக்கையின் நகலை உடனே கேளுங்கள். பிறகு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால், ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அங்கே கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை. அதற்குப் பதிலாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், இரண்டு ஆண்டுக் காலவரம்பு உண்டு.

நீங்கள் கேட்காத இன்னொரு வழியும் இருக்கிறது. தப்பு வேன்காரருடையது என்பதால், அந்த வேனின் மூன்றாம் நபர் காப்பீட்டு நிறுவனத்திடம் உங்கள் வண்டிச் சேதத்துக்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். அந்த நிறுவனத்துக்கும் உங்களுக்கும் ஒப்பந்தமே கிடையாது. அதனால் உங்கள் பாலிசி நிபந்தனையை அது இழுக்க முடியாது. விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான் கெடு. போலீஸில் புகார் கொடுக்கவில்லை என்றால் இன்றே கொடுங்கள். ஒரே சேதத்துக்கு இரண்டு இடத்திலும் பணம் வாங்க முடியாது. ஒரு இடத்தில் கிடைத்ததை மற்ற இடத்தில் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

பெரிய டயர் போடும் நண்பர்கள் அஞ்சுகிற ஒரு விஷயத்தையும் இங்கே தெளிவாக்கிவிடுகிறேன். நீங்கள் ஓட்டி யாருக்காவது அடிபட்டால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடே கிடைக்காதா? கிடைக்கும். 150ஆம் பிரிவில் காப்பீட்டு நிறுவனம் எடுக்கக்கூடிய தற்காப்புகள் எண்ணிச் சொல்லப்பட்டிருக்கின்றன. வண்டியை மாற்றினார் என்பது அந்தப் பட்டியலில் தனிக் காரணமாக இல்லை. ஆனால் முக்கியத் தகவலை மறைத்துப் பாலிசி எடுத்தார் என்பது இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு, கொடுத்த பணத்தை உங்களிடமிருந்து வசூலிக்க நிறுவனம் முயலும். உயிர்ச்சேத வழக்கில் அந்தத் தொகை ஒரு குடும்பத்தின் வீட்டையே விற்க வைத்துவிடும்.

ஒர்க்‌ஷாப்காரரை விட்டுவிடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் வரையறையில் வண்டி பழுதுபார்க்கும் தொழில் செய்பவரும் 'டீலர்'தான். பலருக்கும் இது தெரியாது. விதிக்கு மாறாக வண்டியை மாற்றித் தரும் டீலருக்கு 182ஏ(1)இன்கீழ் ஒரு வண்டிக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை. உரிமையாளரைவிட அவருக்குத்தான் தண்டனை அதிகம். "ஆர்.டி.ஓ. அப்ரூவ்டு" என்று பொய் சொல்லி வேலையை வாங்கியது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி முறையற்ற வணிக நடைமுறை. கிட்டுக்கும் கூலிக்கும் கொடுத்த பணம், பழைய நிலைக்கு மாற்றிய செலவு, மன உளைச்சலுக்கான இழப்பீடு ஆகியவற்றைக் கேட்கலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் ஆணையத்தில் கட்டணமே இல்லை. வாட்ஸ்அப் செய்தி இருக்கும் போனை விற்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். அந்த உரையாடலை அச்சிட்டு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு மின்னணு ஆவணங்களுக்குக் கேட்கும் சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும். முதலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். சிலர் அதிலேயே பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

மலைக்குப் போகும்போது மட்டும் பெரிய டயர் போட்டால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். மக்களுக்கு நுழைய உரிமையுள்ள எந்த வழியும் சட்டத்தில் பொது இடம்தான், மண்பாதையும் அதில் சேரும். மலையடிவாரம் வரை போவது நெடுஞ்சாலை வழியாகத்தான். ஆகவே கூடாது. அதற்குப் பதில், உங்கள் மாடலின் எல்லா வேரியன்ட்டுகளுக்கும் தயாரிப்பாளர் தரும் டயர் அளவுகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அவற்றில் பெரிய அளவை, அதற்குரிய வீலோடு, தார்ச்சாலைக்கும் மண்பாதைக்கும் பொருந்தும் ஆல் டெரெய்ன் ரகத்தில், ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு போடுங்கள். டயர் தாங்கும் எடையைச் சொல்லும் பாரக் குறியீடும், தாங்கும் வேகத்தைச் சொல்லும் வேகக் குறியீடும் பழையதைவிடக் குறையக் கூடாது. மணலிலும் பாறையிலும் காற்றைக் குறைத்து ஓட்டினால், பெரிய டயர் தரும் பிடிப்பில் பெரும்பகுதி இதிலேயே கிடைத்துவிடும். தார்ச்சாலைக்கு ஏறுமுன் மறுபடி காற்றை நிரப்ப வேண்டும், அதற்குக் கையடக்க கம்ப்ரசர் ஒன்று போதும். டயர் அளவு மாறியதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் தெரிவித்து, பாலிசியில் ஒப்புதல் குறிப்பு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.