நானும் கணவரும் சின்ன நிலத்தில் ஆடு, மாடு, கோழி வளர்க்கப் போகிறோம். இருவருக்கும் முன் அனுபவம் இல்லை. எதிலிருந்து தொடங்குவது?

நானும் என் கணவரும் இதே நிலையில்தான் ஆரம்பித்தோம். அதனால் கொட்டகை அளவு, தீவன அட்டவணை எல்லாம் அப்புறம். மூன்றையும் ஒரே சமயத்தில் வாங்காதீர்கள். ஏதாவது ஒன்றை எடுத்து, சினை பிடிப்பதிலிருந்து குட்டி பால் மறக்கும் வரை ஒரு சுற்று முழுதாகப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். வெள்ளாட்டுக்குச் சினைக்காலம் சுமார் 150 நாள், பசுவுக்கு 280 நாளுக்கு மேல். ஆட்டில் சீக்கிரம் கற்றுக்கொள்ளலாம், பிடித்துக் கையாளவும் எளிது. என் ஓட்டு ஆட்டுக்கு. அதற்காக ஒற்றை ஆட்டை வாங்கி வந்துவிடாதீர்கள். துணையில்லாத ஆடு கத்திக்கொண்டே இருக்கும், ஒழுங்காக மேயாது. இரண்டு மூன்று பெட்டை போதும். சொந்தமாகக் கிடா இப்போதைக்கு வேண்டாம்.

கணவனும் மனைவியுமாகச் செய்வதில் ஒரு சிக்கல் உண்டு. "நீ மேய்ச்சலைப் பார், நான் பாலைப் பார்க்கிறேன்" என்று பிரித்துக்கொள்வது இயல்பாக வந்துவிடும். நன்றாகத்தான் ஓடும், ஒருவருக்குக் காய்ச்சல் வரும் வரை. பழகாத கைக்கு ஆடு பாலை அடக்கிக்கொள்ளும், காலை உதைக்கும். அதனால் வேலையை அவ்வப்போது மாற்றிக்கொள்ளுங்கள். இருவருக்கும் கறக்கவும், பிடிக்கவும், குளம்பு வெட்டவும் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று தீவனம். ஒருவர் தானியம் வைத்துவிட்டது தெரியாமல் மற்றவரும் வைத்தால் ஆட்டுக்கு உயிருக்கே ஆபத்து. அசைபோடும் பிராணியின் வயிற்றில் நார்ச்சத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. திடீரென்று தானியம் நிறைய விழுந்தால் அங்கே அமிலம் பெருகி, ஆடு ஒரே நாளில் படுத்துவிடும். எந்தத் தீவன மாற்றத்தையும் பத்துப் பதினைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செய்ய வேண்டும். கொட்டகைக் கதவில் ஒரு சிலேட்டைத் தொங்கவிட்டு, வைத்தவர் உடனே எழுதிவிடுங்கள். 'சொன்னேனே', 'சொல்லவே இல்லை' சண்டையும் குறையும்.

சரி, இருவர் இருப்பதன் உண்மையான லாபம் குடற்புழு விஷயத்தில்தான் தெரியும். ஈரமும் சூடும் உள்ள மேய்ச்சல் நிலத்தில் ஆட்டை அதிகம் கொல்வது ஹீமோங்கஸ் என்ற ரத்தம் குடிக்கும் வயிற்றுப்புழு. பல சமயம் கழிச்சல்கூட இருக்காது, ஆடு மேய்ந்துகொண்டேதான் இருக்கும், உள்ளே ரத்தம் வற்றிக்கொண்டிருக்கும். கண்டுபிடிக்கும் வழி கண்ணிலேயே இருக்கிறது. நல்ல பகல் வெளிச்சத்தில் ஒருவர் ஆட்டை அசையாமல் பிடித்துக்கொள்ள, மற்றவர் ஒரு கட்டைவிரலால் மேலிமையை மூடி மெல்ல அழுத்தி, இன்னொரு விரலால் கீழிமையைக் கீழே இழுக்க வேண்டும். உள்சவ்வு ஒரு நொடி வெளியே பிதுங்கும். நல்ல சிவப்பாக இருந்தால் கவலையில்லை. வெளிறிய ரோஜா நிறம் என்றால் உஷாராக வேண்டும், வெள்ளை என்றால் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா என்ற அட்டையில் இதற்கு 1 முதல் 5 வரை நிறம் பிரித்திருப்பார்கள். தாடைக்குக் கீழே தண்ணீர்ப் பை மாதிரி வீங்கியிருந்தால் நிலைமை முற்றிவிட்டது என்று அர்த்தம். தேதி வைத்து எல்லா ஆட்டுக்கும் புழு மருந்து ஊற்றும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. அப்படி ஊற்றி ஊற்றியே பல இடங்களில் புழுவுக்கு மருந்து பழகிவிட்டது. தேவைப்படும் ஆட்டுக்கு, அதை எடைபோட்டு அளவு பார்த்துக் கொடுங்கள்.

குட்டி போடும் நேரத்துக்கு இருவரும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் இரண்டு முன்னங்காலும் அவற்றின் மேல் மூக்கும் வந்தால் பெரும்பாலும் தானே முடிந்துவிடும், நாம் வேடிக்கை பார்த்தால் போதும். ஆடு பலமாக முக்கியும் அரை மணி நேரத்தில் ஒன்றும் வெளிவரவில்லை என்றால் தயங்காமல் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். பிறந்த ஓரிரு மணி நேரத்துக்குள் குட்டி சீம்பால் குடித்தாக வேண்டும். அதிலுள்ள நோய் எதிர்ப்புப் பொருளைக் குட்டியின் குடல் உறிஞ்சுவது முதல் 24 மணி நேரத்துக்குள்தான். முதல் நாளில் குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் உள்ளே போவது நல்லது. தொப்புளை அயோடினில் நனையுங்கள். நஞ்சுக்கொடி தொங்கினால் இழுக்காதீர்கள், அரை நாளாகியும் விழவில்லை என்றால் மருத்துவர் வேலை. அவரது எண்ணைத் தேடுவது அந்த நேரத்தில் நடக்காது, ஆடு வாங்கும் முன்பே அவரைப் பார்த்துப் பேசி வைத்திருங்கள்.

யாரும் முதலில் பேசாத ஒன்று விற்பனை. பிறப்பதில் ஏறக்குறைய பாதி கிடாக்குட்டியாக இருக்கும். எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள நிலமும் போதாது, தீவனமும் கட்டாது. ஒருவர் பெயர் வைத்துப் புட்டிப்பால் கொடுத்த குட்டிக்கு மற்றவர் விலை பேசிக்கொண்டிருந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எதை வைத்துக்கொள்வது, எதை எந்த வயதில் விற்பது, இறைச்சிக்குக் கொடுக்கச் சம்மதமா என்பதைக் குட்டி பிறப்பதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். எங்கள் வீட்டில் நான்தான் விற்கும் கட்சி, அவர் பெயர் வைக்கும் கட்சி. தங்கப்போகும் பெட்டைக்குட்டிக்கு மட்டும் பெயர் என்பது எங்கள் ஒப்பந்தம்.

புதிதாக எந்த ஆடு வந்தாலும் ஒரு மாதம் தனியே கட்டுங்கள். வீட்டில் ஒரு வெப்பமானி இருக்கட்டும். ஆட்டுக்குச் சாதாரண வெப்பநிலை 38.5 முதல் 39.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும், வெயில் நேரத்தில் கொஞ்சம் கூடும்.

கோழியைத் தனிக் கேள்வியாகக் கேளுங்கள், எழுத நிறைய இருக்கிறது. ஒன்று மட்டும் இப்போதே: ஆட்டையும் கோழியையும் ஒரே கொட்டகையில் அடைக்க நினைக்காதீர்கள். கோழி ஆட்டின் தீவனத் தொட்டியில் ஏறி எச்சமிடும், ஆடு கோழித் தீவனத்தை ஒரே மூச்சில் காலி செய்துவிட்டு வயிறு உப்பி நிற்கும்.