ஆய்வேட்டைச் சலவைத் தொழிலிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: முதுகலை வரலாறு படிக்கிறேன். அமெரிக்கப் பெண்களின் உழைப்பு குறித்த ஆய்வேட்டை, இரண்டாம் உலகப் போரின்போது பெண்கள் ஆலைகளுக்குச் சென்றதிலிருந்து தொடங்கலாமா?

பதில்: அங்கே தொடங்க வேண்டாம். கணவரின் வருமானத்தில் வீட்டிலிருக்க முடிந்த வெள்ளையின நடுத்தர வர்க்கப் பெண்களுக்கே அந்தத் தொடக்கம் ஓரளவு பொருந்தும். கறுப்பினப் பெண்களும் ஏழைக் குடியேறிப் பெண்களும் பல தலைமுறைகளுக்கு முன்பே கூலிக்கு உழைத்துவந்தார்கள். "பெண்கள்" என்று நீங்கள் எழுதும் ஒவ்வோர் இடத்திலும் எந்தப் பெண்கள் என்பது தெளிவாக வேண்டுமானால், ஒரே தொழிலைப் பின்தொடர்வது நல்லது. நான் சலவைத் தொழிலைப் பரிந்துரைப்பேன்.

1881 ஜூலையில் அட்லாண்டா நகரின் கறுப்பினச் சலவைப் பெண்கள் சுமார் 20 பேர் கூடிச் சங்கம் அமைத்து, 12 பவுண்டு துணிக்கு 1 டாலர் என்ற சீரான கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். சில வாரங்களில் ஏறத்தாழ 3,000 பேர் சேர்ந்தார்கள். அடிமைமுறை ஒழிந்து அப்போது 16 ஆண்டுகளே ஆகியிருந்தன. சங்கத்தினர் ஆண்டுக்கு 25 டாலர் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டுமென நகர மன்றம் மிரட்டியபோது, அதைச் செலுத்தவும் தயார், ஆனால் நகரின் சலவை முழுவதும் தங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்று அவர்கள் மேயருக்கு எழுதினார்கள். அந்தக் கடிதத்தை அவசியம் படியுங்கள். தங்கள் வேலையின் மதிப்பை அறிந்தவர்களின் குரல் அதில் கேட்கும்.

அடுத்து, ஓரிகன் மாநிலச் சலவை நிலையம் ஒன்றைப் பற்றிய 1908 தீர்ப்பு. ரொட்டித் தொழிலாளர்களுக்கான 10 மணி நேர வரம்பை 1905-இல் ரத்து செய்த அதே உச்ச நீதிமன்றம், பெண்களுக்கு அதே வரம்பை ஏற்றது. தாய்மைக்குரிய உடல் என்பதே அதற்குச் சொன்ன காரணம். பெண்ணைப் பலவீனமானவளாகச் சட்டத்தில் பதித்தது என்ற விமர்சனம் சரியானதே. ஆயினும் நாளெல்லாம் நீராவியில் நின்றவளுக்குக் குறைந்த நேரம் உண்மையான ஆறுதல் என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

பிறர் வீட்டில் துவைத்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பும் எட்டவில்லை. 1935 சமூகப் பாதுகாப்புச் சட்டம் வீட்டுப் பணியாளர்களையும் பண்ணைத் தொழிலாளர்களையும் ஒதுக்கியது. வீட்டுப் பணியாளர்களுக்குக் கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி 1974-இல்தான் வந்தது. போர்க்காலத்தை இந்த இரண்டு ஆண்டுகளுக்கு இடையே வைத்து எழுதுங்கள்: பிறர் வீட்டு வேலையை விட்டு ஆலைக்கு மாறிய கறுப்பினப் பெண்களை அங்கே முதலில் தேடுங்கள்.