ஒரே பெயர், இரண்டு ஸ்க்ரம்: ரக்பி யூனியனும் ரக்பி லீகும் (கேள்வி பதில்)

பல வருடங்கள் டைட்ஹெட் ப்ராப்பாக, அதாவது ஸ்க்ரமின் முன்வரிசையில் வலது ஓரத்தில் ஆடியவன் நான். இரண்டு அணி ஆட்களும் தோள் கோத்துக் குனிந்து எதிரெதிரே பூட்டிக்கொள்ள, நடுவில் பந்தைப் போடுவதுதான் ஸ்க்ரம். அதைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். ஒவ்வொன்றாக வருகிறேன்.

கேள்வி: புதிதாகப் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். இரண்டு ஆட்டத்திலும் ஸ்க்ரம் இருக்கிறது. ஒன்றில் உயிரைக் கொடுத்துத் தள்ளுகிறார்கள், இன்னொன்றில் சும்மா சாய்ந்து நிற்கிறார்கள். ஏன் இப்படி?

நீங்கள் பார்த்தது சரிதான். யூனியனில் ஸ்க்ரம் ஒரு பலப்பரீட்சை. லீகில் அது ஆட்டத்தை மறுபடி தொடங்கி வைக்கும் ஏற்பாடு, அவ்வளவுதான்.

பந்து கைதவறி முன்னால் விழுந்தால் (நாக் ஆன்) இரண்டிலும் ஸ்க்ரம் வரும். யூனியனில் பக்கத்துக்கு 8 பேர் 3-4-1 என்ற அமைப்பில் பூட்டிக்கொள்வார்கள். லீகில் பக்கத்துக்கு 6 பேர், 3-2-1. யூனியனில் எதிரணியைப் பின்னுக்குத் தள்ளினால் பெனால்டி கிடைக்கலாம், 3 புள்ளி கிடைக்கலாம், சில நேரம் ஆட்டமே கிடைக்கலாம். லீகில் யார் பந்தை உள்ளே போடுகிறாரோ அவர் அணிக்கே பந்து திரும்ப வரும் என்பது ஏறக்குறைய முடிவான விஷயம்.

கேள்வி: லீகில் அப்படியானால் ஸ்க்ரம் ஒரு நாடகம்தானே சார்? எதற்கு வைத்திருக்கிறார்கள்?

நாடகம் என்று தள்ளிவிட மாட்டேன். ஒரு அணியில் 13 பேர். ஸ்க்ரமில் 6 பேர் குனிந்து நின்றால் மீதி 7 பேர்தான் வெளியே. சாதாரண நேரத்தில் 13 பேர் சுவர் மாதிரி விரிந்து நிற்கும் மைதானம் அது. 68 மீட்டர் அகலம். அந்த அகலத்தைக் காக்க 7 பேர் மட்டும் நிற்கும் தருணம் லீகில் வேறெப்போதும் வருவதில்லை. நல்ல பயிற்சியாளர்கள் இந்த ஒரு கணத்துக்காகவே தனி ஆட்டத் திட்டம் வைத்திருப்பார்கள். ஆஸ்திரேலியாவின் முதன்மை லீக் தொடரான என்ஆர்எல்லில் ஸ்க்ரமை ஓரத்தில் வைப்பதா நடுவில் வைப்பதா என்று பந்து போடும் அணியே தேர்ந்தெடுக்கலாம். நடுவில் வைத்தால் இரண்டு பக்கமும் தாக்கலாம், தடுப்பவர்கள் இரண்டாகப் பிரிய வேண்டும்.

அதனால் லீக் ஸ்க்ரமின் பயன் ஸ்க்ரமுக்கு உள்ளே இல்லை, வெளியே இருக்கிறது.

கேள்வி: ஒரே ஆட்டத்திலிருந்து பிரிந்தவைதானே? எப்போது, எதனால் லீக் ஸ்க்ரம் இப்படி ஆனது?

இது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1895 ஆகஸ்ட் 29 அன்று, ஹடர்ஸ்ஃபீல்டில் உள்ள ஜார்ஜ் ஹோட்டலில் வடக்கு இங்கிலாந்து கிளப்புகள் கூடித் தனியே பிரிந்தன. ஆட வருவதால் ஒரு நாள் கூலியை இழக்கும் தொழிலாளிக்கு அந்தக் கூலியை ஈடுகட்டலாமா கூடாதா என்பதுதான் சண்டை. பிரிந்த கிளப்புகளுக்கு நுழைவுச் சீட்டு வருமானம் அவசியம். பார்க்க வருகிறவர்களுக்குப் பந்து கண்ணில் பட வேண்டும், ஓட்டம் வேண்டும். அந்தக் கால ஸ்க்ரமிலோ பந்து எங்கே இருக்கிறது என்றே தெரியாது. 1897-ல் லைன் அவுட்டை (பந்து பக்கக் கோட்டைத் தாண்டினால், வரிசையாக நிற்கும் இரு அணிகளுக்கும் நடுவே அதை எறிவது) எடுத்தார்கள். 1906-ல் 15 பேரை 13 ஆகக் குறைத்தார்கள். கூடவே 'பிளே த பால்' வந்தது: டேக்கிள் ஆனவர், அதாவது பந்தோடு ஓடும்போது எதிரணி பிடித்து மடக்கியவர், எழுந்து நின்று பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டிவிடுவார், ஆட்டம் தொடரும். அதற்கு முன்னால் டேக்கிளில் பந்து சிக்கிக்கொண்டால் மறுபடி ஒரு ஸ்க்ரம்தான்.

அப்புறம் 1966-ல் நான்கு டேக்கிள் வரம்பு, 1972-ல் ஆறு. வரம்பு முடிந்ததும் ஸ்க்ரம் வைத்துப் பந்து யாருக்கு என்று முடிவு செய்தார்கள். 1983-ல் அதையும் விட்டுவிட்டு, ஆறாவது டேக்கிளோடு பந்தை எதிரணியிடம் கொடுத்துவிட வேண்டும் என்று மாற்றினார்கள்.

என் கணிப்பில் லீக் ஸ்க்ரம் உண்மையில் மாறிப்போனது இங்கேதான். பந்து கைமாறும் வேலையை டேக்கிள் எண்ணிக்கை எடுத்துக்கொண்டது. ஸ்க்ரமில் சண்டை போட்டுப் பந்தைப் பிடுங்க வேண்டிய தேவை மெல்ல மெல்லப் போய்விட்டது. பந்தைக் கோணலாகப் போட்டால் நடுவர் விசில் அடிப்பதும் நின்றது. இப்போது பந்து போடுபவரின் சொந்த அணி இரண்டாம் வரிசையின் காலடிக்கே போகிறது. யூனியனில் டேக்கிளுக்கு எண்ணிக்கை கிடையாது, ஆகவே பந்தைப் பிடுங்கும் ஒவ்வொரு வழிக்கும் அங்கே இன்னும் மதிப்பு உண்டு. ஸ்க்ரமும் அதில் ஒன்று.

கேள்வி: லீகில் தள்ளுவது விதிப்படி தப்பா?

இல்லை. தள்ளலாம். வழக்கத்தில் யாரும் தள்ளுவதில்லை. எப்போதாவது ஒரு அணி எதிரணி அசந்திருக்கும்போது ஆறு பேருமாக முட்டித் தள்ளிப் பந்தைத் தட்டிக்கொண்டு போகும். அரங்கமே எழுந்து நிற்கும்.

கேள்வி: அண்ணா, யூனியன் ஸ்க்ரமுக்குள்ளே உண்மையில் என்ன நடக்கிறது? டிவியில் முதுகு மட்டும்தான் தெரிகிறது.

தம்பி, நான் நின்ற இடத்திலிருந்து சொல்கிறேன். நடுவர் "க்ரௌச்" என்பார். குனிந்து, முதுகைப் பலகை மாதிரி நேராக வைப்போம். "பைண்ட்" என்பார். வலது கையை நீட்டி எதிரில் இருக்கும் லூஸ்ஹெட்டின் (அவர்கள் முன்வரிசையின் இடது ஓரத்து ஆள்) ஜெர்ஸியை முதுகுப் பக்கம் பற்றுவேன். அவர் காது என் காதில் உரசும். அவர் மூச்சு விடுவது கேட்கும். பின்னாலிருந்து லாக் (இரண்டாம் வரிசை ஆள்) தன் தோளை என் தொடைக்கு மேலே அழுத்தி வைப்பார். அந்த இடைவெளியில் யாரும் பேச மாட்டார்கள். பூட்ஸ் ஆணிகள் புல்லைப் பிடிக்கும் சத்தம் மட்டும் இருக்கும். "செட்" என்றதும் இரண்டு பக்கமும் சேர்ந்து மோதும். பெரிய அணிகளில் ஒரு பக்கத்து எட்டுப் பேர் எடை 900 கிலோ வரை வரும். அந்த எடையின் தள்ளல் என் முதுகெலும்பு வழியாகத்தான் எதிரணிக்குப் போக வேண்டும்.

டைட்ஹெட் என்ற பெயர் ஏன் தெரியுமா? என் தலை எதிரணியின் லூஸ்ஹெட்டுக்கும், முன்வரிசையின் நடுவில் நிற்கும் ஹூக்கருக்கும் இடையே இறுக்கமாக மாட்டியிருக்கும். இரண்டு தோளிலும் பாரம். லூஸ்ஹெட்டுக்கு ஒரு தோள் வெளியே தளர்வாக இருக்கும். அவர் கீழேயிருந்து என் நெஞ்சைத் தூக்கப் பார்ப்பார், நான் அவரை அமுக்கப் பார்ப்பேன். ஒரு அங்குலம் இடுப்பு உயர்ந்தால் போதும், தோற்றேன் என்று அர்த்தம்.

கேள்வி: ஸ்க்ரம் சரிந்துவிட்டால் யார் தப்பு என்று நடுவருக்கு எப்படித் தெரியும்?

பைண்ட் செய்த கை நழுவியதா, முழங்கை தரையைப் பார்க்கிறதா, தோள் இடுப்பைவிடக் கீழே போனதா, நேராகத் தள்ளாமல் உள்நோக்கிச் சாய்ந்து தள்ளினாரா என்று பார்ப்பார். ஒரு பக்கம்தான் நடுவர் நிற்க முடியும், மறுபக்கத்தைத் துணை நடுவர் பார்க்கிறார். உள்ளே இருந்த எங்களுக்கே சில தடவை தெரியாது. பார்வையாளர்களின் எரிச்சலில் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: என் மகன் பள்ளி அணியில் ஹூக்கர். கழுத்துக்கு ஆபத்து என்கிறார்களே? லீகுக்கு மாற்றிவிடலாமா?

உங்கள் பயம் நியாயமானது. ஸ்க்ரம் சரியும்போது கழுத்தெலும்பில் அடிபடுவது அரிது, நேர்ந்தால் மிகக் கடுமை. அதனால்தான் விதிகள் இவ்வளவு மாறியிருக்கின்றன. முன்பு தூரத்திலிருந்து வந்து முட்டுவார்கள். 2013-ல் வந்த க்ரௌச்-பைண்ட்-செட் முறையில் முதலில் பிடித்துக்கொண்டு பிறகுதான் மோத வேண்டும். பாத் பல்கலைக்கழக ஆய்வில், இந்த முறையில் மோதலின் விசை ஏறக்குறைய 25 சதவீதம் குறைந்தது தெரிந்தது. இப்போது ஹூக்கர் மோதலுக்கு முன் ஒரு காலை முன்னே ஊன்றி பிரேக் மாதிரி வைக்க வேண்டும், அப்போது பாரம் கழுத்தில் ஏறாது. 19 வயதுக்கு உட்பட்டவர்கள் ஆட்டத்தில் ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளவே கூடாது.

ஸ்க்ரமை மட்டும் வைத்துப் பார்த்தால் லீக்தான் பாதுகாப்பு. ஆனால் லீகில் டேக்கிள்கள் அதிகம், அதையும் கணக்கில் எடுங்கள். முதலில் பயிற்சியாளரிடம் பேசுங்கள். முன்வரிசைப் பயிற்சியைப் படிப்படியாகச் சொல்லித் தருகிறாரா என்று கேளுங்கள். "ஆள் இல்லை, நீ போய் நில்" என்று யாரையும் முன்வரிசையில் நிறுத்துகிற இடமாக இருந்தால் மகனை அங்கே ஆட விடாதீர்கள்.

கேள்வி: யூனியனில் பயிற்சி பெற்ற முன்வரிசை ஆள் தீர்ந்துவிட்டால்?

தள்ளாத ஸ்க்ரம் வரும், லீக் மாதிரியே. ஆனால் வேண்டுமென்றே யாரும் அந்த வழியைத் தேடக் கூடாது என்பதற்காக அந்த அணி ஒரு ஆளை இழக்கவும் நேரலாம். 2022 சிக்ஸ் நேஷன்ஸில் (ஐரோப்பாவின் ஆறு நாடுகள் ஆடும் தொடர்) இத்தாலிக்கு இதுதான் நடந்தது. அயர்லாந்துக்கு எதிராக முதல் ஹூக்கருக்குக் காயம், மாற்று ஹூக்கருக்குச் சிவப்பு அட்டை. ஹூக்கரே இல்லாததால் இன்னொருவரும் வெளியேறி, 13 பேரோடு ஆட வேண்டியதாயிற்று. 57-6 என்று தோற்றார்கள். பாதுகாப்புக்காக வைத்த விதி ஒரு முழு ஆட்டத்தைப் பறித்துக்கொண்ட நாள் அது. எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

கேள்வி: ஸ்க்ரமால் மட்டும் பெரிய ஆட்டம் எதுவும் வென்றிருக்கிறார்களா?

தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். 2019 உலகக் கோப்பை இறுதியில் இங்கிலாந்தின் டைட்ஹெட் கைல் சிங்க்லர் ஆரம்ப நிமிடங்களிலேயே அடிபட்டு வெளியேறினார். டான் கோல் வந்தார். எதிரில் டெண்டாய் ம்டவாரிரா. அன்று பெனால்டி மேல் பெனால்டி, 32-12. 2023 அரையிறுதியில் அதே இங்கிலாந்திடம் பின்தங்கியிருந்தபோது, கடைசி நிமிடங்களில் ஒரு ஸ்க்ரம் பெனால்டி. ஹேண்ட்ரே போலார்ட் தூரத்திலிருந்து உதைத்தார், 16-15.

அதே தொடரில் பிரான்ஸுடன் காலிறுதி. டேமியன் வில்லம்சே தன் எல்லைக்கு அருகே பந்தைப் பிடித்து 'மார்க்' (எதிரணி உதைத்த பந்தை அங்கே பிடித்தவர் கேட்கும் ஃப்ரீ கிக்) கேட்டுவிட்டு, உதைப்பதற்குப் பதில் ஸ்க்ரம் வேண்டும் என்றார்! அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்திருந்தது. 2024 ஜூலையிலிருந்து ஃப்ரீ கிக்குக்கு ஸ்க்ரம் கேட்க முடியாது என்று விதியை மாற்றிவிட்டார்கள்.

கேள்வி: லீகிலிருந்து யூனியனுக்கு ஓடுபவர்கள்தான் வருகிறார்கள், ப்ராப்கள் ஏன் வருவதில்லை?

ஜேசன் ராபின்சன், சோனி பில் வில்லியம்ஸ் போன்றவர்களால் ஓட்டத்தையும் கைத்திறனையும் கூடவே கொண்டுபோக முடிந்தது. ஸ்க்ரம் வித்தையை அப்படிக் கொண்டுபோக லீகில் அது இருந்தால்தானே? அதைக் கற்க வருடங்கள் வேண்டும். பெயர்கூட ஏமாற்றும்: லீகில் 430 என்ஆர்எல் ஆட்டங்கள் ஆடிய கேமரன் ஸ்மித்தும் ஹூக்கர்தான். ஆனால் அவர் வேலை ஒவ்வொரு டேக்கிளுக்குப் பிறகும் பந்தை எடுத்து ஆட்டத்தை நடத்துவது.

கேள்வி: ஸ்க்ரமை எடுத்தே விட்டால் என்ன?

இங்கிலாந்து லீகில் 2020-ல் தொற்றுக் காலத்தில் எடுத்தார்கள். ஆட்டம் நின்றுவிடவில்லை. ஆனால் 2022-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள், 7 பேர் மட்டும் வெளியே நிற்பார்கள் என்று மேலே சொன்னேனே, அந்த வெற்றிடத்துக்காக. யூனியனில் எடுத்தால், பருத்த உடம்போடு ஓட முடியாதவனுக்கும் இடம் தந்த ஆட்டம் போய்விடும். நான் அதற்கு எதிரி. நேரம் வீணாகிறது என்றால் 30 நொடிக்குள் தயாராக வேண்டும் என்ற விதியைக் கண்டிப்பாக அமல்படுத்தட்டும்.

கேள்வி: வார இறுதியில் இரண்டையும் முதல்முறை முழுசாகப் பார்க்கப் போகிறேன். ஸ்க்ரமில் கண்ணை எங்கே வைக்க?

யூனியனில் பந்தை மறந்துவிடுங்கள். இரண்டு டைட்ஹெட்களின் இடுப்பையும் பாருங்கள், "செட்" சொன்ன பிறகு முதல் இரண்டு நொடி போதும். லீகில் ஸ்க்ரமையே மறந்துவிட்டு, தடுக்கும் அணியின் ஓரத்தில் நிற்கும் விங்கர் உள்ளே ஒரு அடி நகர்கிறாரா என்று பாருங்கள். நகர்ந்தால் பந்து அந்தப் பக்கம் வரும்.