கல்லாவை விட்டு எழுந்திருக்க வழி உண்டா?

கேள்வி: உடுமலைப்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். காலை 6 மணிக்குத் திறந்தால் இரவு 10 வரை கல்லாவை விட்டு நகர முடியவில்லை. வேலைக்கு இரண்டு பையன்கள் இருந்தும் இதே கதைதான். மகளின் பள்ளி ஆண்டு விழாவுக்குக்கூடப் போகவில்லை. நேரத்தைச் சேமிப்பது எப்படி என்று வீடியோக்கள் பார்த்தால், அதிகாலை 4 மணிக்கு எழுந்திரு என்கிறார்கள். எழுந்து என்ன செய்வது சார்?

பதில்: 4 மணிக்கு எழுந்தால் நீங்கள் 4 மணிக்கே கடையைத் திறந்துவிடுவீர்கள், அதனால் வேண்டாம், தூங்குங்கள்.

நானும் ஹார்டுவேர் கடை நடத்தியவன்தான். ஒருநாள் பழைய பில் அட்டை ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, பையன்கள் "அண்ணே" என்று கூப்பிடும்போதெல்லாம் ஒரு கோடு போட்டு, எதற்குக் கூப்பிட்டார்கள் என்று பக்கத்தில் ஒரு வார்த்தை எழுதினேன். சாயந்திரம் எண்ணிப் பார்த்தால் பாதிக்கு மேல் "ரேட்டு என்ன?" என்பதுதான். என் தலைக்குள் இருந்த ரேட்டை வெளியே எழுதி மாட்டாதது என் தப்பு. நீங்களும் ஒருநாள் கோடு போட்டுப் பாருங்கள். பாக்கெட் சரக்கில் எம்.ஆர்.பி. இருக்கிறது, பிரச்சினை பருப்பு, சீனி, மிளகாய் மாதிரி எடை போட்டுக் கொடுக்கும் சரக்கில்தான். தராசுக்குப் பக்கத்தில் ஒரு சிலேட்டை மாட்டி, காலையில் அன்றைய ரேட்டை எழுதிவிடுங்கள். கடன் நோட்டிலும் ஒவ்வொரு வீட்டுக்கும் எவ்வளவு வரை போகலாம் என்று முதல் வரியிலேயே எழுதி வைத்துவிட்டால், "இவங்களுக்குக் கொடுக்கலாமாண்ணே" என்று அந்த ஆளை எதிரில் நிறுத்திக்கொண்டே கேட்கும் சங்கடமும் போகும்.

அப்புறம் சேல்ஸ்மேன்கள். காலையில் கூட்டம் நெரியும்போதுதான் சோப்புக் கம்பெனிக்காரர் டேப்லெட்டோடு வந்து நிற்பார். அவர் வரும் கிழமை கம்பெனி போட்ட லைன், அது உங்களுக்காக மாறாது, ஆனால் மதியம் 2 மணிக்கு மேல் வாருங்கள் என்று கேட்கலாம், இரண்டு வாரம் உறுதியாகச் சொன்னால் பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள். அதற்குள் இல்லாத சரக்கைப் பையன் துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருந்தால் பத்து நிமிஷத்தில் ஆர்டர் முடியும்.

கடைசியாகக் கல்லா. நீங்கள் எழுதவில்லை என்றாலும் உண்மையான சிக்கல் இங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது, பையன்களை நம்பி விட மனசு வரவில்லை, சரிதானே? கூட்டம் குறைந்த 3 மணிக்கு, 2,000 ரூபாயை எண்ணி ஒரு பையனிடம் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் வீட்டுக்குப் போங்கள். ஜிபேயில் வருவது நேராக உங்கள் கணக்குக்கு வந்துவிடுகிறது, அவன் கையில் புழங்குவது மிச்சம்தான். திரும்பி வந்ததும் அவன் எதிரிலேயே எண்ணுங்கள், முதுகுக்குப் பின்னால் எண்ணாதீர்கள். ஐம்பது நூறு குறைந்தால் அன்றைக்கே கத்தாமல் ஒரு மாதம் பாருங்கள். ஆண்டு விழாவுக்குத் தேவைப்படுவது மூன்று மணி நேரம், அதற்கு இப்போதே ஒரு மணி நேரமாகப் பழக்க வேண்டும்.

கேள்வி: சிறிய அச்சகம் நடத்துகிறேன். ஒவ்வொரு மாதமும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் என்று இரண்டு நாள் போய்விடுகிறது. குறைக்க வழி உண்டா?

பதில்: ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்குள் இருந்தால் காலாண்டுக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் திட்டம் இருக்கிறது, 2021 ஜனவரியிலிருந்து. வரியை மட்டும் முதல் இரண்டு மாதங்களுக்கு அடுத்த மாதம் 25-ஆம் தேதிக்குள் செலானில் கட்ட வேண்டும். ஜூலை காலாண்டிலிருந்து மாற வேண்டுமானால் மே 1 முதல் ஜூலை 31-க்குள் போர்ட்டலில் தேர்வு செய்யலாம், பழைய ரிட்டர்ன் பாக்கி இருக்கக் கூடாது. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம்: கம்பெனிகளுக்கு அச்சடித்துக் கொடுப்பவர் என்றால் அவர்கள் உள்ளீட்டு வரிக்காக, அதாவது உங்களிடம் கட்டிய ஜிஎஸ்டியைத் தங்கள் வரியில் கழித்துக்கொள்ள, உங்கள் பில்லை மாதாமாதம் எதிர்பார்ப்பார்கள். அந்தப் பில்களை மட்டும் அடுத்த மாதம் 13-ஆம் தேதிக்குள் தனியாக ஏற்றும் வசதி உண்டு. ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாறுங்கள். எது எப்படியானாலும் பில்களை மாதக் கடைசியில் தேடாமல் சனிக்கிழமைதோறும் ஃபைலில் குத்திவிடுங்கள், உங்கள் இரண்டு நாளில் ஒன்றரை நாள் தேடுவதில்தான் போகிறது.

கேள்வி: வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். இரவு 11 மணிக்கும் "அக்கா, ரெடியா?" என்று வாட்ஸ்அப் வருகிறது. தீபாவளி நேரத்தில் பைத்தியம் பிடிக்கிறது.

பதில்: எல்லோரிடமும் "நாளைக்கு வாங்க" என்று சொல்கிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம், தையல்காரர்களின் தேசிய வாக்கியம் அது. துணி வாங்கும்போதே ரசீதில் தேதி எழுதுங்கள், உங்கள் கணக்கில் முடியும் நாளுக்கு இரண்டு நாள் தள்ளி. வாட்ஸ்அப் பிசினஸில் வேலை நேரத்தைப் போட்டு, அந்த நேரத்துக்கு வெளியே தானாகப் போக வேண்டிய பதிலையும் (அவே மெசேஜ்) எழுதி வைத்துவிட்டால், இரவில் வரும் கேள்விக்கு அதுவே பதில் அனுப்பும். ஹூக் வைப்பதும் ஹெம்மிங்கும்தான் கடைசியில் தேங்கும் வேலை. தெருவில் யாராவது ஒரு அக்காவிடம் பீஸுக்கு இவ்வளவு என்று பேசி, தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே அதைக் கொடுக்க ஆரம்பித்துவிடுங்கள்.